சர்க்கரை மாத்திரை உடம்புக்குள் போய் என்ன செய்கிறது?

(கிராமத் தம்பதியருக்கான குடும்ப நலக் கூட்டத்தில் சுகாதாரக் கல்வியாளர் ஆற்றிய உரை)



குடும்ப நலக் கூட்டம் என்றதும் நான் கருத்தடையைப் பற்றித்தான் பேசுவேன் என்று நினைத்து வந்திருப்பீர்கள். அதுவும் கொஞ்சம் வரும். ஆனால் இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள், சர்க்கரை வியாதிக்கு நாம் சாப்பிடும் மாத்திரைகள் வயிற்றுக்குள் போன பிறகு என்ன வேலை செய்கின்றன என்பது. "அதெல்லாம் டாக்டருக்குத் தெரிஞ்சா போதாதா, நமக்கு எதுக்கு?" என்று கேட்கலாம். போதாது. ஏன் போதாது என்பதற்கு நான் நேரில் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன்.

சில வருஷங்களுக்கு முன் ஓர் ஆடி வெள்ளிக்கிழமை. ஊர் பெயர் வேண்டாம். புருஷன், பெண்டாட்டி இரண்டு பேருக்கும் சர்க்கரை. அவருக்கு இரண்டு வகை மாத்திரை, அந்த அம்மாவுக்கு ஒரே வகை. 2021-இல் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கிய பிறகு மாத்திரை வீட்டு வாசலுக்கே வந்தது. வந்ததை எல்லாம் ஒரே டப்பாவில் போட்டு வைத்திருந்தார்கள். அன்று அந்த அம்மாவுடைய மாத்திரை தீர்ந்துவிட்டது. "எல்லாம் சர்க்கரை மாத்திரைதானே" என்று புருஷனுடைய மாத்திரையில் ஒன்றை எடுத்துப் போட்டுக்கொண்டார். அன்றைக்கு அம்மனுக்கு விரதம், பச்சைத் தண்ணீரோடு சரி. அப்படியே களை பறிக்கப் போய்விட்டார்.

பதினொரு மணி வாக்கில் கை நடுங்கியது. முந்தானையைப் பிழிந்து எடுக்கலாம் போல வியர்த்தது. பிறகு பேச்சு குழறியது. யாரைப் பார்த்தாலும் கோபம். வரப்பிலேயே சாய்ந்துவிட்டார். நாளோ ஆடி வெள்ளி. கூட இருந்தவர்கள் ஆத்தா வந்துவிட்டாள் என்று நினைத்தார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், அந்த இடத்தில் யாராக இருந்தாலும் அப்படித்தான் தோன்றியிருக்கும். வேப்பிலை வந்தது, திருநீறு வந்தது. அந்த வழியாகப் போன கிராம சுகாதார செவிலியர் விரலில் குத்திச் சோதித்துப் பார்த்தார். இரத்தத்தில் சர்க்கரை 38 மில்லிகிராம். எழுபதுக்குக் கீழே போனாலே அபாயம். 108 வண்டி வந்து, நரம்பில் குளுக்கோஸ் ஏற்றிய பிறகுதான் அந்த அம்மா கண் திறந்து, "என்ன, எல்லாரும் நிக்கிறீங்க?" என்று கேட்டார்.

மறுநாள் ஆஸ்பத்திரி வராந்தாவில் அவர் வீட்டுக்காரர் என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்: "நாலு வருஷமா நான் அதைத்தானே சார் சாப்பிடுறேன்? எனக்கு மருந்தா இருக்கிறது அவளுக்கு எப்படி சார் விஷமாச்சு?"

நியாயமான கேள்வி. அதற்குப் பதில்தான் இன்றைய பேச்சு.

நமக்குத் தெரிந்த வாய்க்கால் கணக்கிலேயே இதைப் பார்ப்போம். நாம் சாப்பிடும் சோறு, இட்லி, களி எல்லாம் குடலில் கரைந்து சர்க்கரையாகி இரத்தத்தில் சேர்கிறது. இரத்தம் வாய்க்கால். கை கால் சதைகள் எல்லாம் வயல். வாய்க்காலில் தண்ணீர் ஓடினால் மட்டும் பயிர் விளையாது, மடையைத் திறந்து வயலுக்குள் விட வேண்டும். மடையைத் திறக்கும் ஆள்தான் இன்சுலின். வயிற்றுக்குப் பின்னால் கணையம் என்று ஓர் உறுப்பு இருக்கிறது. அங்கிருந்துதான் இந்த ஆள் வேலைக்கு வருகிறான். இன்னொன்றும் இருக்கிறது, ஏரி. அது நம்முடைய கல்லீரல். சாப்பிட்ட நேரத்தில் மிச்சமான சர்க்கரையை வாங்கிச் சேமித்து வைத்துக்கொண்டு, இராத்திரி நாம் பட்டினியாகத் தூங்கும்போது மதகைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்து விடும். இல்லையென்றால் விடிவதற்குள் மூளைக்குச் சர்க்கரை இல்லாமல் போய்விடும்.

இவ்வளவு பெரிய ஏற்பாட்டில், ஆரோக்கியமான ஒருவருடைய இரத்தம் முழுவதிலும் ஒரே சமயத்தில் ஓடும் சர்க்கரை எவ்வளவு தெரியுமா? சுமார் 5 கிராம். ஒரு தேக்கரண்டி! அதற்கு மேல் ஏறவும் கூடாது, இறங்கவும் கூடாது.

நடுவயதில் வரும் சர்க்கரை வியாதியில், அதாவது இரண்டாம் வகையில், முதலில் கெடுவது மடை. உடம்பில் கொழுப்பு சேர்ந்து, உழைப்பு குறைந்து, மடை தூர்ந்துபோகிறது. ஆள் வந்து இழுத்தாலும் பலகை எழும்புவதில்லை. கணையம் இன்னும் ஆள், இன்னும் ஆள் என்று அனுப்பிப் பார்க்கிறது. வருஷக்கணக்கில் இப்படி ஓடி அதுவும் களைத்துவிடுகிறது. இன்சுலினுடைய சொல் எடுபடாததால் கல்லீரல் ஏரியும் கட்டுப்பாடில்லாமல் மதகைத் திறந்துவிடுகிறது. வாய்க்கால் கரை புரள ஓடுகிறது, வயல் காய்ந்து கிடக்கிறது. "சர்க்கரை 300 இருக்குங்கிறாங்க, ஆனா உடம்புல தெம்பே இல்லையே" என்று நீங்கள் கேட்பதற்குக் காரணம் இதுதான். "ராத்திரி சாப்பிடாமலே படுத்தேன், காலையில் எப்படி ஏறிச்சு?" என்பதற்கும் பதில் இதிலேயே இருக்கிறது. நீங்கள் சாப்பிடவில்லை, சரி. ஏரி திறந்து விட்டதே!

இப்போது மாத்திரைகளுக்கு வருவோம். ஒன்றை முதலில் மனசில் வாங்கிக்கொள்ளுங்கள். எந்த மாத்திரையும் சர்க்கரையைக் கரைத்தோ எரித்தோ விடுவதில்லை. ஒவ்வொன்றும் இந்தப் பாசன ஏற்பாட்டில் ஒவ்வோர் இடத்தில் கை வைக்கிறது.

பெரும்பாலோருக்கு முதலில் கொடுப்பது மெட்ஃபார்மின். இது முக்கியமாக ஏரி மதகுக்குப் போகிறது. கல்லீரல் வேண்டாத நேரத்தில் சர்க்கரையை அவிழ்த்து விடுவதைக் குறைக்கிறது. மடைகள் இன்சுலினுக்குக் கொஞ்சம் இணங்கித் திறக்கவும் உதவுகிறது. கணையத்தை இது விரட்டுவதில்லை. ஆகவே, இதை மட்டும் சாப்பிடுகிறவருக்குச் சர்க்கரை அபாயமாக இறங்குவது அபூர்வம். அந்த அம்மாவுக்கு டாக்டர் எழுதிக் கொடுத்திருந்தது இதுதான்.

மெட்ஃபார்மின் ஆரம்பத்தில் வயிற்றைப் படுத்தும். பொருமல், பேதி, வாயில் ஒரு மாதிரி உலோகச் சுவை எல்லாம் வரும். அதற்குப் பயந்து எத்தனையோ பேர் ஒரு வாரத்திலேயே மாத்திரையைப் பரணில் போட்டுவிடுகிறார்கள். சாப்பாட்டோடு சேர்த்துப் போட்டுக்கொண்டால் தொந்தரவு குறையும், பெரும்பாலும் சில வாரங்களில் அடங்கிவிடும். அடங்காவிட்டால் டாக்டரிடம் சொல்லுங்கள், மெதுவாகக் கரையும் வகை இருக்கிறது. பல வருஷங்கள் சாப்பிடுகிறவர்களுக்கு பி-12 என்ற வைட்டமின் குறையலாம். கால் மரத்துப்போனால் அதையும் சோதிக்கச் சொல்லிக் கேளுங்கள். "இந்த மாத்திரை கிட்னியைக் கெடுத்துடும்" என்று டீக்கடையில் பேசுகிறார்கள். கிட்னியைக் கெடுப்பது அடங்காத சர்க்கரையும் இரத்தக் கொதிப்பும்தான். ஆனால் கிட்னி ஏற்கனவே வெகுவாகப் பழுதடைந்திருந்தால் இந்த மாத்திரையை நிறுத்தவோ குறைக்கவோ வேண்டும். அதற்காகத்தான் இரத்தப் பரிசோதனைக்குக் கூப்பிடுகிறோம். கடுமையான வாந்தி பேதி வந்த நாளில் இதைப் போடாமல் உடனே டாக்டரைக் கேளுங்கள். சாராயத்தோடு இது சேரவே கூடாது.

இந்த மருந்தின் மூலம், ஐரோப்பாவில் வளரும் கலேகா என்ற செடியில் இருந்த ஒரு சத்து. அதைப்போன்ற ஒன்றை ஆராய்ச்சிக்கூடத்தில் செய்து பார்த்து, 1957-இல் ழான் ஸ்டேர்ன் என்ற பிரெஞ்சு டாக்டர் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பலனை வெளியிட்டார். செடியிலிருந்து வந்தது என்றதும் சிலர் முகம் மலர்கிறது! அந்தச் செடியை அப்படியே மேய்ந்த ஆடுகள் செத்திருக்கின்றன. அளவு தெரிந்து, சுத்தம் செய்து கொடுத்தால்தான் மருந்து. சிறுகுறிஞ்சான், ஆவாரம்பூக் கஷாயம் குடிக்கிறவர்களும் அதை டாக்டரிடம் மறைக்காதீர்கள். திட்ட மாட்டார், அளவைப் பார்த்துக் கொடுப்பார்.

இரண்டாவது வகைதான் அந்த வீட்டுக்காரருடைய மாத்திரை. கிளிபென்கிளமைடு, கிளிமிபிரைடு, கிளிபிசைடு, கிளிக்கிளசைடு என்று பல பெயர்களில் வரும். பெயரெல்லாம் 'கிளி' என்று தொடங்குவதால் எங்கள் செவிலியர்கள் 'கிளி மாத்திரை' என்றே சொல்வார்கள். இது கணையத்துக்குப் போய், "ஆளை அனுப்பு, ஆளை அனுப்பு" என்று விரட்டுகிறது. நீங்கள் சாப்பிட்டீர்களா இல்லையா என்று அது பார்ப்பதில்லை. வாய்க்காலில் தண்ணீர் வற்றிக் கிடந்தாலும் ஆள் போய் எல்லா மடையையும் திறந்துவிடுவான். இருந்த ஒரு தேக்கரண்டியும் வடிந்துபோகும். மூளைக்கு இல்லை. அதுதான் அந்த நடுக்கம், வியர்வை, குழறல், மயக்கம்.

இந்த மருந்து வந்த கதையே அப்படித்தான். 1942-இல் பிரான்சு தேசத்தில் மான்ட்பெல்லியே என்ற ஊரில், டைபாய்டு காய்ச்சலுக்கு ஒரு புது சல்ஃபா மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். நோயாளிகள் சிலர் வலிப்பு வந்து விழுந்தார்கள், உயிர்கள் போயின. பார்த்தால், சர்க்கரை அதல பாதாளத்துக்கு இறங்கியிருந்தது. ஒருவரைச் சாய்த்த குணத்தையே அளவாகப் பிடித்து இன்னொருவருக்கு மருந்தாக்கலாம் என்று அதன்பின் கண்டுபிடித்தார்கள்.

அந்த வீட்டுக்காரருக்கு ஏன் ஒன்றும் ஆகவில்லை? அவருக்குச் சர்க்கரை அதிகம், அந்த அளவைப் பார்த்து டாக்டர் கொடுத்திருந்தார். வேளா வேளைக்குச் சாப்பாடும் உள்ளே போயிற்று. அந்த அம்மாவுக்கு ஏற்கனவே கட்டுப்பாட்டில் இருந்த சர்க்கரை, வெறும் வயிறு, போதாததற்கு வெயிலில் குனிந்து வேலை. மாத்திரை ஒன்றுதான், உடம்பு இரண்டு. ஆஸ்பத்திரியில் அவரை மறுநாள் வரை வைத்திருந்ததற்கும் காரணம் உண்டு. இந்த மாத்திரையின் வேகம் ஒரு நாள் முழுக்க இருக்கும். குளுக்கோஸ் ஏற்றித் தெளிந்த பிறகும் திரும்ப இறங்கலாம்.

ஆகவே 'கிளி' மாத்திரை போட்டால் அரை மணிக்குள் சாப்பாடு இருக்க வேண்டும். சாப்பாடு இல்லை என்றால் அந்த மாத்திரையும் இல்லை. விரதம், நோன்பு இருக்க விரும்புகிறவர்கள் ஒரு வாரம் முன்பே டாக்டரிடம் கேளுங்கள். வேளையையும் அளவையும் மாற்றித் தருவார். காலையில் மறந்துவிட்டோமே என்று இராத்திரி இரண்டாகப் போடாதீர்கள்.

சர்க்கரை இறங்கும் அடையாளம் கண்டால் முதலில் 3 தேக்கரண்டி சர்க்கரையை அல்லது குளுக்கோஸ் பவுடரைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். கால் மணி நேரத்தில் தெளியாவிட்டால் இன்னொரு முறை. தெளிந்ததும் சோறோ இட்லியோ சாப்பிடச் சொல்லிவிட்டு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். விழுங்கும் நினைவு இல்லாதவருக்கு வாயில் எதையும் ஊற்றாதீர்கள், புரையேறி மூச்சு அடைத்துவிடும். ஒருக்களித்துப் படுக்க வைத்து 108-ஐக் கூப்பிடுங்கள். இதில் புருஷன், பெண்டாட்டி இரண்டு பேருக்கும் வேலை இருக்கிறது. ஏனென்றால் இறங்குகிறவருக்குத் தனக்கு இறங்குகிறது என்பதே சில சமயம் தெரியாது. சாதுவான மனுஷன் காரணமில்லாமல் எரிந்து விழுந்தால், பதிலுக்குச் சண்டை போடுவதற்கு முன் நெற்றி வியர்த்திருக்கிறதா என்று தொட்டுப் பாருங்கள்.

மற்ற மாத்திரைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அகார்போஸ், வோக்லிபோஸ் என்பவை குடலிலேயே மாவுச்சத்து கரையும் வேகத்தைக் குறைப்பவை. முதல் கவளத்தோடு சாப்பிட வேண்டும், வாயு பிரியும். இதோடு 'கிளி' மாத்திரையும் சாப்பிடுகிறவருக்குச் சர்க்கரை இறங்கிவிட்டால், சாதாரணச் சீனி சீக்கிரம் ஏறாது, குளுக்கோஸ் பவுடர்தான் வேண்டும். பையோகிளிட்டசோன் மடையின் தூரைக் கொஞ்சம் வாருவது. கால் வீங்கினாலோ மூச்சு வாங்கினாலோ உடனே சொல்ல வேண்டும். சிட்டாகிளிப்டின், வில்டாகிளிப்டின் போன்ற 'கிளிப்டின்'கள் கொஞ்சம் நாகரிகமானவை. சாப்பாடு குடலுக்கு வந்ததும் "ஆள் அனுப்பு" என்று குடலே கணையத்துக்குச் சொல்லி அனுப்பும் ஒரு தூது உண்டு. அந்தத் தூது சீக்கிரம் அழிந்துவிடாமல் இவை காக்கின்றன. சாப்பாடு வந்தால்தான் தூது என்பதால், தனியாகச் சாப்பிடும்போது சர்க்கரை இறங்கும் பயம் குறைவு.

டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் என்பவை வடிகால் வெட்டுகிற வகை. கிட்னி ஒரு நாளைக்குச் சுமார் 180 கிராம் சர்க்கரையை வடிகட்டி, அத்தனையையும் பத்திரமாக இரத்தத்துக்கே திருப்பி அனுப்புகிறது. இந்த மாத்திரை அதில் ஒரு பகுதியைச் சிறுநீரில் போக விடுகிறது. சிறுநீரில் எறும்பு மொய்ப்பதுதான் வியாதி என்று நம் தாத்தாக்கள் பார்த்தார்கள், இப்போது அதையே வைத்தியமாகச் செய்கிறார்கள்! இதைச் சாப்பிடுகிறவருக்குச் சிறுநீரில் சர்க்கரை இருந்தே தீரும், அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். இருதயம் பலவீனமானவர்களுக்கும் கிட்னி பழுதடையத் தொடங்கியவர்களுக்கும் இது நல்ல துணை. ஆனால் மறைவிடத்தில் அரிப்பும் காளான் தொற்றும் வரலாம், ஆணுக்கும் பெண்ணுக்கும். கூச்சப்பட்டு ஒருவருக்கொருவர் சொல்லாமல் மாதக்கணக்கில் கஷ்டப்படுகிறார்கள், வீட்டில் சந்தேகம்கூட வந்துவிடுகிறது. அது மாத்திரையின் குணம், யாருடைய நடத்தையும் அல்ல. சிறுநீர் கழித்ததும் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள், தாராளமாகத் தண்ணீர் குடியுங்கள், தொற்று வந்தால் மருந்து இருக்கிறது. வாந்தி பேதி, பட்டினி, ஆபரேஷன் இவற்றின்போது இந்த மாத்திரையை நிறுத்திவைப்பது பற்றி டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

இனி இன்சுலின் ஊசி. "ஊசிக்கு வந்துட்டா முடிஞ்சு போச்சு" என்கிறார்கள். கணையத்திலிருந்து ஆள் வருவது குறைந்துவிட்டால் வெளியிலிருந்து ஆள் கூட்டி வருகிறோம், அவ்வளவுதான். இங்கிலாந்தில் வியாதி புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்டவர்களைப் பல வருஷங்கள் பின்தொடர்ந்து 1998-இல் ஓர் ஆராய்ச்சி முடிவை வெளியிட்டார்கள். சர்க்கரையை நன்றாகக் கட்டுப்படுத்தியவர்களுக்குக் கண், கிட்னி முதலான சிறு இரத்தக்குழாய்க் கோளாறுகள் கால் பங்கு குறைந்தன. அதே ஆராய்ச்சியில், 9 வருஷம் கழித்துப் பார்த்தபோது ஒரே மருந்தோடு கட்டுப்பாட்டில் இருந்தவர்கள் ஏறக்குறைய நாலில் ஒருவர்தான். எனவே மாத்திரை கூடுவதோ ஊசி வருவதோ உங்களுக்கு விதித்த தண்டனை அல்ல, வியாதியின் போக்கு அப்படி. நடையும் உழைப்பும் அரிசியைக் குறைப்பதும் தூர் வாருகிற வேலை. அதைச் செய்தால் அந்தப் போக்கு மெதுவாகும்.

ஊசி போடுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இன்சுலின் புட்டியில் 40 என்று இருந்தால் சிவப்பு மூடி சிரிஞ்சு, 100 என்று இருந்தால் ஆரஞ்சு மூடி சிரிஞ்சு. 100 புட்டியை 40 சிரிஞ்சில் எடுத்தால் இரண்டரை மடங்கு மருந்து ஏறிவிடும். வீட்டில் பிரிட்ஜ் இல்லையே என்று கவலை வேண்டாம். இரண்டு மண்சட்டிகளுக்கு நடுவே ஈர மணல் போட்டு, உள்சட்டியில் புட்டியைத் தண்ணீர் படாமல் நிழலில் வைக்கலாம். திறந்த புட்டியை 4 வாரத்துக்கு மேல் உபயோகிக்க வேண்டாம்.

கருத்தடை கொஞ்சம் வரும் என்று சொன்னேன் அல்லவா? சர்க்கரை மாத்திரை சாப்பிடும் பெண்கள், பிள்ளை பெற நினைத்தால் கருத்தரிப்பதற்கு முன்பே டாக்டரிடம் வர வேண்டும். நாள் தள்ளிப்போனது தெரிவதற்குள் குழந்தையின் இருதயமும் முதுகுத்தண்டும் உருவாகத் தொடங்கிவிடும். அந்த வாரங்களில் தாயின் இரத்தத்தில் சர்க்கரை மிகுந்திருந்தால் ஊனம் ஏற்படலாம். நான் சொன்ன மாத்திரைகளில் பலவற்றை மாற்றி இன்சுலினுக்குப் போக வேண்டியும் இருக்கும். சர்க்கரை கட்டுக்குள் வரும்வரை தள்ளிப்போடுங்கள், அதற்கு ஆணுறை, காப்பர்-டி எல்லாம் நம் நிலையத்தில் இலவசம். இன்னொரு விஷயம்: மாதவிலக்கு ஒழுங்கில்லாமல் பிள்ளை தங்காதிருந்த சில பெண்களுக்கு மெட்ஃபார்மின் தொடங்கியதும் கருமுட்டை வெளிவரத் தொடங்கும். "நமக்குத்தான் தங்காதே" என்று இருந்துவிட்டு, வயிற்றில் நாலு மாதம் என்று வந்து நின்றவர்களைப் பார்த்திருக்கிறேன். கர்ப்பம் என்று தெரிந்ததும் பயந்துபோய் எல்லா மாத்திரையையும் தூக்கிப் போடாதீர்கள், அன்றைக்கே வாருங்கள்.

போன மாதம் அந்த ஆடி வெள்ளி வீட்டுக்குப் போயிருந்தேன். திண்ணை மாடத்தில் இரண்டு டப்பாக்கள். அவருடையது நீல மூடி, அந்த அம்மாவுடையது பழைய பவுடர் டப்பா, மேலே மஞ்சள் தடவியிருந்தது. பெயரும் காலாவதித் தேதியும் இருக்கும் பக்கத்தைக் கிழிக்காமல் அட்டையை அப்படியே வைத்திருந்தார்கள். பக்கத்தில் ஒரு பொட்டலம் குளுக்கோஸ். "இந்த ஆடிக்கு விரதம் எப்படிம்மா?" என்று கேட்டேன். "டாக்டரம்மாகிட்ட கேட்டுட்டேங்க. காலையில பால், பழம் சாப்பிட்டுட்டு என்னோட மாத்திரையைப் போட்டுக்கலாம்னாங்க. ஆத்தா ஒண்ணும் சொல்ல மாட்டா" என்றார். வீட்டுக்காரர் உள்ளேயிருந்து, "என் டப்பாவை எடுத்து ஒளிச்சு வெச்சுட்டுத்தான் சார் நான் வயலுக்கே போறது" என்றார்.

சரி, இப்போது உங்கள் மாத்திரை அட்டைகளைக் கொண்டு வந்திருக்கிறவர்கள் ஒவ்வொருவராக முன்னால் வாருங்கள். எது ஏரிக்கு, எது கணையத்துக்கு, எது வடிகாலுக்கு என்று பார்த்துச் சொல்கிறேன். தம்பதியாக வந்திருப்பவர்கள் சேர்ந்தே வாருங்கள்.